ஒன்பது போட்டவன்

அங்கே உட்காராதீர்கள், தம்பி. அந்த சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும். இந்த நாற்காலிக்கு வாருங்கள்.

வண்டி பார்க்க வந்தீர்களா? பார்த்தேன். அந்தச் சிவப்பு வண்டியை மூன்று தடவை சுற்றினீர்கள். டயரைக் காலால் தட்டினீர்கள். தட்டினால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எல்லாரும் தட்டுகிறார்கள்.

நான் வாங்க வரவில்லை. வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. ஒரு போனுக்காக உட்கார்ந்திருக்கிறேன். மும்பையிலிருந்து வரும். நாலிலிருந்து ஐந்துக்குள் என்றார்கள். அதுவரை எழுந்து போகக் கூடாது. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "இருந்தீங்கன்னா நல்லாயிருக்கும் சார்" என்றார் மேனேஜர். அவ்வளவுதான். ஆனால் கதவுப் பக்கம் நான் போனால் செக்யூரிட்டி சல்யூட் அடிக்கிறார். "கிளம்பிட்டீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே மேனேஜர் அறையைத் திரும்பிப் பார்க்கிறார். இரண்டு தடவை போய் இரண்டு தடவை திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதோ, தூணுக்குப் பக்கத்தில் டெலிபோனோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். நேராகப் பார்க்காதீர்கள். பெயர் பெனிட்டா. இன்று ஜூன் முப்பது. இன்றோடு அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வேலை நிலைக்குமா, வீட்டுக்குப் போக வேண்டுமா என்பது ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும். அந்த போனில் நான் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அதில்தான் இருக்கிறது.

எண் சொல்வது எனக்குப் புதிதில்லை. என் பெயர் தனுஷ்கோடி. தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். கடைத் தராசு, படிக்கல், பெட்ரோல் பங்க் மீட்டர், எல்லாவற்றையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை. முப்பத்துமூன்று வருடம். இந்தத் திண்டுக்கல்லில் மட்டும் பதினொன்று. காந்தி மார்க்கெட்டில் என் ஜீப் நுழைந்தால் கடைசிக் கடைவரைக்கும் தெரிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வளவளவென்று பேச எனக்குப் பிடிக்காது.

என் மனைவி இந்திராணிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் குனிந்து ஏற முடியாது. ஏறினாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடிப்பாள். வத்தலக்குண்டில் அவள் தங்கச்சி வீடு. ஒரு மணி நேர வழி. நாலு வருடமாகப் போகவில்லை. ஒரு கார் வாங்குவோம் என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவள் எதையும் கேட்கமாட்டாள். பழக்கம்.

ஐந்து ஷோரூம் போனேன். எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. டச் ஸ்கிரீன் பாருங்க சார், மேலே கண்ணாடி திறக்கும் பாருங்க சார், பாட்டு கேளுங்க சார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஒருவன், "நல்ல உயரம் சார்" என்றான். நல்ல உயரம் என்றால் எத்தனை அங்குலம்? முழிக்கிறான்.

இங்கே வந்தேன். இந்தப் பெண் எதிரே வந்தாள். அதே கேள்வியைக் கேட்டேன்.

"யாருக்கு சார்?"

சொன்னேன்.

"அம்மா வீட்ல எந்தச் சேர்ல உட்காருவாங்க?"

அதையும் சொன்னேன். பழைய தேக்கு நாற்காலி. கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறேன். அதிலிருந்து மட்டும்தான் யார் கையையும் பிடிக்காமல் அவளாக எழுந்திருப்பாள்.

"நாளைக்கு வீட்டுக்கு வரலாமா சார்? அந்தச் சேரை அளந்துக்கணும்."

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

வந்தாள். கையில் தையற்கார டேப். குனிந்து அளந்தாள். இருபத்தோரு அங்குலம் என்றாள். நான் உள்ளே போய் என் எஃகு ஸ்கேலை எடுத்து வந்து வைத்தேன். இருபதே முக்கால். "துணி டேப் இழுபட்டிருக்கும்மா. தூக்கிப் போடு" என்றேன்.

"என்னங்க நீங்க, வீட்டுக்கு வந்த பிள்ளையை…" என்றாள் இந்திராணி. அந்தப் பெண் முகம் கோணவில்லை. மறுநாள் ஒரு எஃகு டேப் வாங்கிக்கொண்டு வந்து திரும்பவும் அளந்தாள். யாரும் அவளை வாங்கச் சொல்லவில்லை. அவளாகவே வாங்கியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு மூன்று வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தாள், மூன்று நாளில். ஒவ்வொன்றிலும் இந்திராணியை உட்கார வைத்து எழுப்பினாள். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. "முதல் தடவை யாருக்கும் ஈஸியா இருக்கும்மா. எட்டாவது தடவைலதான் தெரியும்" என்றாள். அது சரியான பேச்சு. நானும் ஒரே படிக்கல்லைத் திரும்பத் திரும்ப வைத்துத்தான் பார்ப்பேன்.

மூன்றில் ஒன்று பெரிய வண்டி. தோல் சீட். எனக்குக் கொஞ்சம் ஆசை. மறைக்க என்ன இருக்கிறது. "வேண்டாம் சார், சீட் உள்பக்கமா சரியுது. அம்மா எழுந்திருக்கிறப்போ முட்டியில பாரம் விழும்" என்று அவளே தடுத்துவிட்டாள். பெரிய வண்டியை விற்றால் அவளுக்குத்தான் நல்லது. தடுத்துவிட்டாள்.

சின்ன வண்டியை வாங்கினோம்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவள் வேலையில் குறை இல்லை. தேடினேன். நான் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம்.

வண்டி எடுக்கிற நாள் மே இருபத்தைந்து, வியாழக்கிழமை. இங்கே அதற்கு ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். வண்டிக்குச் சிவப்புப் பட்டு போர்த்தி வைத்திருப்பார்கள். அதை நாம் இழுக்க வேண்டும். கைதட்டுவார்கள். ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து கையில் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். நான் பட்டை இழுத்தேன், அட்டைச் சாவியைத் தொடவில்லை. இந்திராணி பிடித்துக்கொண்டாள். போட்டோவில் அவள் சிரிக்கிறாள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "சார், அஞ்சு நாள் கழிச்சு கம்பெனியிலேருந்து போன் வரும். என் சர்வீஸுக்கு எத்தனை மார்க்குன்னு கேப்பாங்க. பத்துன்னு சொன்னீங்கன்னா… இந்த மாசக் கடைசியோட… இல்ல, அடுத்த மாசக் கடைசியோட எனக்கு ஆறு மாசம் முடியுது சார்."

எனக்குச் சுருக்கென்றது.

முப்பத்துமூன்று வருடம், தம்பி. தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பார்த்துப் போடுங்க சார்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? அந்த வார்த்தை காதில் விழுந்தால் அந்தத் தராசை இன்னொரு தடவை சோதிப்பேன். இந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்கிறாள். அத்தனை நன்றாக வேலை செய்துவிட்டு, கடைசியில் இது. வண்டியை எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வீட்டுக்குப் போனோம்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை எத்தனை என்றார்கள். ஒன்பது என்றேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? ஒன்பது குறைச்சலா? என்னிடம் ஒன்பது வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். பத்து நான் போட்டதே இல்லை. காரணம் இருக்கிறது. எந்தத் தராசிலும் ஒரு பிசகு இருக்கும். சில கிராம். சட்டமே அதை அனுமதிக்கிறது. அந்த அளவுக்குள் பிசகு இருந்தால் அது உழைக்கிற தராசு. துளிகூடப் பிசகாமல் நிற்கிறதா? அப்படியென்றால் நான் வருவது தெரிந்து எவனோ காலையில் கை வைத்திருக்கிறான். அதனால் முழுசாக ஒன்று இருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. ஒன்பது என்றால் நம்புகிறேன் என்று அர்த்தம்.

அவள் கேட்காமல் இருந்திருந்தால் பத்து போட்டிருப்பேனா? அது இப்போது எதற்கு. விடுங்கள்.

இங்கே கணக்கு வேறு. பத்து என்றால் பத்து. ஒன்பது என்றால் பூஜ்யம். எட்டும் பூஜ்யம், இரண்டும் பூஜ்யம். அப்படி ஒரு தராசை என் காலத்தில் எவனாவது கடையில் வைத்திருந்தால் அன்றைக்கே பறிமுதல் செய்திருப்பேன். பத்துக்குக் கீழே வந்தால் வாடிக்கையாளருக்கு ஏதோ குறை, புகார் என்று பதிவாகிவிடும். அந்தப் புகாரை மூடுகிறவரை அந்தப் பெண் வண்டி வாங்க வருகிறவர்களிடம் பேசக் கூடாது. தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சர்வீஸ் தேதி சொல்ல வேண்டும். மாதக் கடைசிக்குள் மூடவில்லை என்றால் வேலை இல்லை.

எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தாலும் எனக்கு என்ன தோன்றியதோ அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைத்தேன், அப்போது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. காலை பத்துப் பத்துக்கு ஒரு போன். "சார், எங்க சர்வீஸ்ல என்ன குறை சார்?" குறை இல்லை என்றேன். "அப்போ ஏன் சார் ஒன்பது?" ஒன்பது நல்ல மார்க் என்றேன். "சரிங்க சார், மிக்க நன்றி சார்." மறுநாள் பத்துப் பத்துக்கு அதே குரல், அதே கேள்வி. வண்டி கழுவ வீட்டுக்கே ஆள் வந்தார். கழுவின வண்டியை மூன்றாம் நாள் திரும்பக் கழுவினார். வண்டிக்குள் தொங்கவிட ஒரு வாசனைப் புட்டி. பழக்கூடை. இதற்கு நடுவில் ஜூன் ஒன்றாம் தேதி கேக்கோடு நாலு பேர் வந்து நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். ஜூன் ஒன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. நான் பிறந்தது ஐப்பசியில். சொன்னால் நிறுத்துவார்களா? பாடி முடித்துவிட்டுத்தான் போனார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், கட்சியில சேர்ந்துட்டீங்களா?" என்றார்.

ஒரு மாதம், தம்பி. திட்டினால் மன்னிப்புக் கேட்கிறார்கள். பேசாமல் இருந்தால் நலமா என்று கேட்கிறார்கள். நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பரில் வருகிறார்கள். ஒருவனும் குரலை உயர்த்தவில்லை. எவனாவது ஒருத்தன் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் தப்பித்திருப்பேன்.

இந்தப் பெண் மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. இந்திராணியைக் கூப்பிட்டாள். ஒரே தடவை. "அம்மா, நான் எதுல தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா திருத்திக்குவேம்மா" என்றாளாம்.

அப்போது நாங்கள் வத்தலக்குண்டு கிளம்பிக்கொண்டிருந்தோம். இந்திராணி வண்டியில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. பட்டுப்புடவை. மடியில் தங்கச்சிக்குக் கதம்பம். போனைக் கேட்டாள். மூடினாள். கதவைத் திறந்து இறங்கினாள். யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள், அதைக் கவனித்தேன். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க என்ன மார்க் போட்டீங்க?"

"ஒன்பது."

"ஒண்ணு எதுக்குக் குறைச்சீங்க?"

சொன்னேன். தராசு, பிசகு, எல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டாள். நாற்பத்திரண்டு வருடமாகக் கேட்கிறாள்.

"எனக்கு எத்தனை போடுவீங்க?"

இதென்ன கேள்வி? நான் அவளை ஒரு குறை சொன்னதில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினால் மட்டும் சொல்வேன். சொல்லவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாதா? "ஒன்பது" என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு வேலை நிக்கட்டும். அப்புறம் அந்த வண்டியில ஏர்றேன்" என்றாள். அவ்வளவுதான். அதிலிருந்து ஏறவில்லை. நானே பேங்குக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன், மருந்துக்கடைக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். பக்கத்து சீட் சும்மா வருகிறது. பெல்ட் போடவில்லை என்று அந்தச் சீட்டுக்காக வண்டி கத்துவதுகூட இல்லை. ஆளில்லை என்று அதற்குத் தெரிகிறது.

அவள் கோபித்துக்கொள்வது எனக்குப் பெரிய விஷயமில்லை. நாலு வார்த்தை பேசுகிற இடத்தில் இரண்டு பேசுகிறாள். எனக்கு அதுவே போதும். சும்மா சொன்னேன்.

இன்று காலை நானாகவே இங்கே வந்தேன். மாதக் கடைசி. மேனேஜர் பெயர் ஜெயசீலன், கழுத்தில் டை, கண்ணாடி அறை. "உட்காருங்க சார். ஒரு ஃபார்ம்தான் சார். குறை என்னன்னு நீங்க எழுதணும், நாங்க சரிசெஞ்சோம்னு எழுதுவோம். மும்பையிலேருந்து கூப்பிடுவாங்க. குறை தீர்ந்ததுக்குப் பத்து வந்துட்டா பழைய ஒன்பது அழிஞ்சிரும்."

"குறை எதுவும் இல்லை என்று எழுதுகிறேன்."

"அப்படி எழுத முடியாது சார். குறை இல்லைன்னா ஒன்பது வராதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும்."

சரி, உண்மையை எழுதிவிட்டுப் போவோம் என்று பேனாவை எடுத்தேன். 'மதிப்பெண் கேட்டு' என்று இரண்டு வார்த்தைதான் எழுதினேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், அதை மட்டும் எழுதிராதீங்க. வாடிக்கையாளர்கிட்ட மார்க் கேக்கக்கூடாதுன்னு கம்பெனி ரூல். எழுதினீங்கன்னா பெனிட்டா இப்பவே வெளிய போகணும். கேட்டுக்கேள்வியே கிடையாது."

"கேட்கச் சொன்னது யார்?"

டையைச் சரிசெய்துகொண்டார். "எல்லா ஷோரூம்லயும் கேக்கிறாங்க சார்."

"சொன்னது யார் என்று கேட்டேன்."

"காலையில மீட்டிங்ல… பொதுவா சொல்றதுதான் சார்."

அந்தத் தாளைக் கிழித்தேன். புதுத் தாள் கொடுத்தார். உண்மையை எழுதினால் அவள் போய்விடுவாள். எழுதாமல் எழுந்து போனாலும் போய்விடுவாள். பொய் எழுதினால் இருப்பாள். முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு பொய் அறிக்கை நான் எழுதியதில்லை. பெரிய மில்காரர் வீட்டுத் தராசுக்கே எழுதவில்லை. அதற்காக என்னைத் திருவாடானைக்குத் தூக்கி அடித்தார்கள். மூட்டை முடிச்சோடு போனோம். அங்கே கிணற்றில் உப்புத் தண்ணீர். இந்திராணி இரண்டு வருடம் தலையில் குடம் சுமந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை விடுங்கள்.

ஃபார்மில் குறைகளை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். வண்டியில் அழுக்கு. யார் பொறுப்பு என்று கேட்டேன். "வாட்டர் வாஷ் சின்னப்பன் சார்." ஒரு மாதமாக என் வீட்டு வாசலில் என் வண்டியைக் கழுவுகிறவர். போட முடியாது. ஆவணங்களில் பிழை? "இன்சூரன்ஸ் டெஸ்க் ஃபாத்திமா சார். அடுத்த மாசம் கல்யாணம்." போட முடியாது. தாமதம்?

மேனேஜர் குனிந்து மேஜையைப் பார்த்தார். "அது நான் சார்."

மனம் வந்தது, தம்பி. பேனா அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் பத்தரைக்குத் தருகிறோம் என்று சொன்ன வண்டி பத்து இருபதுக்கே இங்கே பட்டு போர்த்தித் தயாராக நின்றது. இந்திராணி காலண்டரில் நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறாள். பேனாவை எடுத்துவிட்டேன். அந்த மனுஷர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உபசரிப்புன்னு ஒண்ணு இருக்கு சார்" என்றார். "டீ. அது மெஷின்தான். மெஷினுக்கு வேலை போகாது."

டீயா? நான் இங்கே டீ குடித்ததே இல்லை. எந்தக் கடையிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை, முத்திரை போடப் போகிற இடத்தில். பழக்கம் விடவில்லை. குடிக்காத டீயை எப்படிக் குறை சொல்வது? "கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றேன்.

வந்தது. பேப்பர் கப்பில். மெஷின் டீ எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வெந்நீரில் சாயம். அப்படி இருந்துவிட்டால் என் அறிக்கை உண்மை ஆகிவிடும். நிம்மதியாகக் குடித்தேன்.

நன்றாக இருந்தது.

இஞ்சி சரியாக. சர்க்கரை சரியாக. சூடு சரியாக. இன்னொன்று கேட்டேன். ஒருவேளை இரண்டாவது மோசமாக இருக்கலாம் இல்லையா? இரண்டாவதும் அதே டீ. ஒரு மயிரிழை மாறவில்லை. ஜெயசீலன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'டீ திருப்திகரமாக இல்லை' என்று எழுதினேன். கீழே கையெழுத்து. எழுபத்தோரு வயதில் முதல் பொய் அறிக்கை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வெளியே போய் மெஷினின் சுவிட்சை அணைத்தார். திரும்பப் போட்டார். 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார். பிறகு, "சரியாயிருச்சான்னு நீங்க ஒரு தடவை பார்க்கணும் சார், ரூல்" என்று மூன்றாவது கப் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

வீட்டில் இந்திராணிக்குத் தெரியாது. ஏதோ எழுதப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். "பார்த்து எழுதுங்க" என்றாள்.

மணி என்ன? நாலு ஐம்பதா? இன்னும் பத்து நிமிடம். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு ஜெயசீலன், "வரும் சார், வரணும் சார்" என்கிறார். போன் என் கையில்தான் இருக்கிறது. சார்ஜ் இருக்கிறது. அந்தப் பெண் ஒரு தடவையும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. பார்த்தால் அதுவும் கேட்டதாக ஆகிவிடுமாம். ஒரு மணி நேரமாக அதே சர்வீஸ் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரே பக்கம். நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பொறுங்கள். அடிக்கிறது.

ஹலோ. ஆமாம், தனுஷ்கோடிதான்… பேசலாம். சீக்கிரம் கேளுங்கள்… ஆமாம், டீ… ஆமாம், நான்தான் எழுதினேன். என் கையெழுத்துதான்… சரிசெய்துவிட்டார்கள். நான் இருக்கும்போதே… பூஜ்யத்திலிருந்து பத்துவரை. தெரியும். போன தடவையும் இதையேதான் கேட்டீர்கள்…

பொறும்மா. யோசிக்கக் கூடாதா?

இருக்கிறேன். லைனில்தான் இருக்கிறேன்.

பத்து.

பத்து என்றேன். ஒன்று, பக்கத்தில் பூஜ்யம்… காரணமா? ஒன்பது போட்டாலும் காரணம், பத்து போட்டாலும் காரணமா?… சும்மா போடக் கூடாதா ஒரு மனுஷன்?… சரி, எழுதிக்கொள். டீ நன்றாக இருக்கிறது… ஆமாம், அவ்வளவுதான். டீ நன்றாக இருக்கிறது. அது சத்தியம்.

வைத்துவிட்டாள்.

என்ன சத்தம் அது? மணி அடிக்கிறார்களா? எவனோ மணியை வைத்து அடிக்கிறான். கைதட்டுகிறார்கள். நிறுத்தச் சொல்லுங்கள், தம்பி. அந்தப் பெண் என்ன செய்கிறாள்? நான் பார்க்கமாட்டேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்… அழுகிறாளா? அதெல்லாம் எதற்கு இப்போது. வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் கிளம்புகிறேன். ஐந்தரைக்குள் கிளம்பினால்தான் வெளிச்சத்திலேயே வத்தலக்குண்டு போய்ச் சேரலாம். நான் வேகமாக ஓட்டமாட்டேன். இந்திராணி என்ன எழுதினீர்கள் என்று கேட்பாள். சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், எங்கே போவது?

எழுந்திருங்கள், தம்பி. உங்களைத்தான் கூப்பிடுகிறாள். ஆமாம், உங்களைத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் வாடிக்கையாளர். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள், கவனிக்காத மாதிரி இருங்கள்.

வாங்கினால் உங்களுக்கும் ஐந்தாம் நாள் போன் வரும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது, அது ரூல். நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் எதுவும் கேட்கவில்லை. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

போங்கள்.